பிள்ளையை அறிந்து துணை நிற்றல்

பள்ளிக்கூடம் என்றவுடன் நம் நினைவுக்கு முதலில் வருவன ஆசிரியர், பாடநூல், தேர்வு ஆகிய மூன்றே. ஆனால் பள்ளிக்கு வரும் பிள்ளை, பாடம் கற்கும் அறிவை மட்டும் கொண்டுவருவதில்லை. முந்தின இரவு உறங்கிய உறக்கத்தையும், காலையில் உண்ட உணவையும், வழியில் அடைந்த அச்சத்தையும், வீட்டின் மகிழ்ச்சியையும் துயரத்தையும் சேர்த்தே கொண்டுவருகிறது. இவற்றை அறிந்து, பிள்ளையின் உடலும் உள்ளமும் கல்விக்கு இசையுமாறு துணை நிற்பதற்கென்றே சில பள்ளிகளில் தனியாக ஆட்கள் உள்ளனர். ஆங்கில நாட்டினர் இப்பணிக்கு ஆயர் தொழிலிலிருந்து ஒரு பெயரை எடுத்து வழங்குகின்றனர். மந்தையை ஓட்டிச் செல்வதோடு ஆயன் வேலை முடிவதில்லை. எந்த ஆடு நொண்டுகிறது, எது இரை எடுக்கவில்லை, எது பின்தங்குகிறது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே அறிந்தவன் அவன். அப்பெயரின் கருத்து அதுவே. தமிழில் இதனை அரவணைப்புப் பணி என்று சொல்லலாம்.

ஆட்டிசம் உடைய பிள்ளைகள் பயிலும் பள்ளியில் இப்பணி எவ்வாறு நடைபெறுகிறது, சொந்த ஊரை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியிருக்கும் நம்மவர் அதில் ஏற்க வேண்டிய பங்கு யாது என்னும் இரண்டையும் இப்பேச்சில் எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் ஆட்டிசம் என்பது யாது? தமிழில் இதனை மதியிறுக்கம் என்பர். புற உலகச் சிந்தனை அற்ற நிலை என்றும் சிலர் எழுதுவர். இப்பிள்ளைகளோடு நாள்தோறும் பழகும் எங்களுக்கு இவ்விரு பெயர்களும் முற்றும் பொருந்துவனவாகத் தோன்றவில்லை. புற உலகம் இவர்களுக்குத் தெரியாமல் இல்லை. நமக்குக் கேளாத குழல் விளக்கின் ரீங்காரம் இவர்களுக்குக் கேட்கிறது. நாம் உணராத சட்டைப் பட்டையின் உறுத்தல் இவர்களை வருத்துகிறது. ஆகையால் ஆட்டிசம் என்ற சொல்லையே இங்கு ஆள்கிறோம். பிறவியிலேயே மூளை வளர்ச்சியில் அமையும் ஒரு தனித்தன்மை இது. பிறரோடு கருத்துப் பரிமாறுவதிலும், பழகும் முறையிலும், ஓசை, ஒளி, தொடுகை முதலியவற்றை உணர்வதிலும் வேறுபாடு காணப்படும். மாறாத ஒழுங்கில் மனம் நிலைகொள்ளும். ஒருவர் இனிமையாகப் பேசிப் பட்டம் பெறுவார். மற்றொருவர் வாழ்நாள் முழுதும் பேசாமலே இருப்பார். இருவரும் ஆட்டிசம் உடையவரே. உலக நல நிறுவனம் 2021-ஆம் ஆண்டுக்கு மதித்த கணக்கின்படி, உலகில் ஏறத்தாழ 127 பேருக்கு ஒருவர் இத்தகையவர்.

இதனை 1943-ஆம் ஆண்டில் 11 பிள்ளைகளின் வரலாற்றைக் கொண்டு விரிவாக எழுதியவர் அமெரிக்காவில் பணியாற்றிய டாக்டர் லியோ கானர். அதற்குப் பின் வந்த சில அறிஞர்கள், தாயின் அன்பு குளிர்ந்து போனதே இதற்குக் காரணம் என்று ஒரு கொடிய முடிவைப் பரப்பினர். 1967-இல் வெளியான புருனோ பெட்டல்ஹைமின் நூல் அக்கருத்துக்கு வலிமை தந்தது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, 1964-இல், ஆட்டிசம் உடைய மகனைப் பெற்ற உளநூல் அறிஞரான பெர்னார்ட் ரிம்லண்ட், காரணம் உடலமைப்பில்தான் உள்ளது என்று எழுதிவிட்டார். பிற்கால ஆராய்ச்சி அவர் பக்கமே நின்றது. எனினும் அப்பழி இன்னும் ஒழியவில்லை. மேலைநாட்டில் தாயின் மனம் என்றார்கள்; நம் வீடுகளில் முன்வினை என்கிறார்கள், இருவரும் வேலைக்குப் போனதால் வந்தது என்கிறார்கள். பள்ளியின் வாயிலுக்கு வரும் தாயின் தோளிலிருந்து அந்தப் பழியை இறக்கி வைப்பதே எங்கள் பணியின் முதற்படி. தன்னையே குற்றவாளியாக எண்ணும் தாய், பிள்ளையைப் பற்றித் தான் அறிந்தவற்றைத் துணிந்து சொல்ல மாட்டாள். அவள் சொல்லாவிடில் எங்கள் பணி நடைபெறாது.

இத்தகைய பள்ளிகள் தோன்றியதே பெற்றோர் முயற்சியால்தான். இங்கிலாந்தில் பெற்றோர் கூடி 1962-இல் ஒரு சங்கம் அமைத்தனர். 1965-இல் லண்டன் நகரின் ஈலிங் பகுதியில் சிபில் எல்கர் அம்மையாரின் தலைமையில் ஒரு பள்ளியைத் திறந்தனர். நம் நாட்டில் ஆட்டிசம் உடைய மகனின் தாயாராகிய மேரி பருவா 1991-இல் தில்லியில் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' என்னும் அமைப்பைத் தொடங்கினார். 1994-இல் அதன் பள்ளி பிறந்தது. இன்று பெருநகரங்கள் பலவற்றிலும் இவ்வகைப் பள்ளிகளும், பொதுப் பள்ளிகளில் தனிப் பிரிவுகளும் உள்ளன.

இனி, ஒரு நாளின் பணியைக் காண்போம். அரவணைப்புப் பணி பள்ளியின் வாயிலில் தொடங்குகிறது. வண்டியிலிருந்து இறங்கும் பிள்ளையின் நடையைப் பார்க்கிறோம். விரல்களை வழக்கத்தினும் விரைவாக ஆட்டுகிறானா, காதுகளைப் பொத்திக்கொண்டிருக்கிறானா, உணவுப் பெட்டியைத் தொட மறுக்கிறாளா என்று நோக்குகிறோம். வீட்டுக்கும் பள்ளிக்கும் நாள்தோறும் போய்வரும் ஒரு குறிப்பேடு உண்டு. "இரவு மூன்று மணிக்கு விழித்துவிட்டான்" என்று தாய் எழுதிய ஒரு வரி, அன்றைய பாடத்திட்டத்தையே மாற்றிவிடும். உறங்காத பிள்ளைக்கு அன்று காலை கணக்குப் பாடம் வேண்டாம். மங்கிய ஒளியுள்ள அறையில் அரைமணி நேர ஓய்வே வேண்டும்.

அடுத்து, நாளின் ஒழுங்கைப் படங்களாக வரிசைப்படுத்திச் சுவரில் மாட்டுகிறோம். காலைப் பிரார்த்தனை, எழுத்து, உணவு, விளையாட்டு, வீடு என்று படங்கள் இருக்கும்; ஒன்று முடிந்ததும் அதனைப் பிள்ளையே எடுத்து உறையில் இடும். கண்ணால் காணும் ஒழுங்கு இவர்களுக்கு அமைதி தருகிறது என்பதை அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் எரிக் ஷாப்லர் முதலியோர் ஆராய்ந்து, 1972-இல் ஒரு கல்வித் திட்டமாகவே நிறுவினர். இன்று உலகெங்கும் அம்முறை பல வடிவங்களில் வழங்குகிறது. ஒழுங்கு மாறும் நாளில் முன்னரே அறிவிக்கிறோம். தில்லியில் நவம்பரில் காற்று மாசினாலும் ஜனவரியில் மூடுபனியினாலும் திடீரெனப் பள்ளிகளை மூடுவதுண்டு. மற்றப் பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். எங்கள் பிள்ளைகளுக்கோ காலடியில் நிலம் நழுவியது போன்றது. அதற்கென "இன்று பள்ளி இல்லை" என்னும் படஅட்டை ஒன்றை ஒவ்வொரு வீட்டிலும் கொடுத்து வைத்திருக்கிறோம்.

தென்னாட்டிலிருந்து வடக்கே சென்ற குடும்பங்களுக்கு மேலும் சில இன்னல்கள் உண்டு. நம்மூரில் பருத்தி ஆடையே உடுத்து வளர்ந்த பிள்ளைக்குத் தில்லிக் குளிரில் கம்பளிச் சட்டை, குல்லாய், காலுறை எல்லாம் ஒரே நாளில் ஏறுகின்றன. கம்பளியின் சுணை தோலில் படும்போது சில பிள்ளைகள் துடித்துப் போகிறார்கள், சட்டையைக் கிழித்தெறிகிறார்கள். இதனை அடம் என்று தண்டித்தால் பயனில்லை. உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை ஒன்றை அணிவித்து, அக்டோபரிலிருந்தே சிறிது சிறிதாகப் பழக்கினால் போதும். ஹோலிப் பண்டிகையில் முகத்தில் வண்ணப்பொடி பூசுவதும், தீபாவளி வெடியும் இவ்வாறே. பிள்ளை அவற்றிலிருந்து விலகியிருக்க ஓர் இடம் அமைத்துத் தருவதும் அரவணைப்பே.

சில வேளைகளில் பிள்ளை அலறும், தரையில் விழும், தன் மணிக்கட்டைக் கடித்துக்கொள்ளும். காண்பவர் இதனைப் பிடிவாதம் என்று எண்ணுவர். பிடிவாதம் பிடிக்கும் பிள்ளை ஒரு பொருளை வேண்டிப் பிறர் முகம் பார்த்து அழும். கேட்டது கிடைத்தால் நிறுத்தும். இதுவோ தாங்கும் எல்லையைக் கடந்த உள்ளத்தின் உடைவு. எதைக் கொடுத்தாலும் உடனே நில்லாது. அவ்வேளையில் சுற்றி நிற்பவரை விலக்குகிறோம். விளக்கையும் ஓசையையும் குறைக்கிறோம். இரண்டொரு சொல்லுக்கு மேல் பேசுவதில்லை. இன்றியமையாத பாதுகாப்புக்கன்றித் தொடுவதில்லை. அடங்கியபின் தண்ணீர் கொடுத்து அமர்த்துகிறோம், குற்றம் விசாரிப்பதில்லை. பிறகு, இது நிகழ்வதற்கு முன் என்ன நடந்தது, நிகழ்ந்தபோது என்ன செய்தது, பின்னர் என்ன ஆயிற்று என்று மூன்று பத்திகளில் எழுதி வைக்கிறோம். இரண்டு வாரக் குறிப்புகளைச் சேர்த்துப் படித்தால் பெரும்பாலும் காரணம் புலப்படும். சமையலறையில் குக்கர் ஒலிக்கும் நேரமாக இருக்கலாம், மலச்சிக்கலாக இருக்கலாம், பல்வலியாக இருக்கலாம்.

இங்குதான் மொழி குறுக்கிடுகிறது. புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களின் பொருட்டு நாங்கள் முக்கியமாகச் சொல்ல விரும்புவதும் இதுவே.

ஒரு பிள்ளை ஆசிரியையின் முன் நின்று, "கண்ணா, தண்ணி வேணுமா?" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது என்று கொள்வோம். இந்தி பேசும் ஆசிரியைக்கு அது வெற்றொலி. தமிழ் மட்டும் அறிந்து ஆட்டிசத்தை அறியாதவருக்கோ, பிள்ளை தம்மை நோக்கித் தண்ணீர் வேண்டுமா என்று வினவுவதாகத் தோன்றும். உண்மை வேறு. தாய் நாள்தோறும் தண்ணீர் கொடுக்கும்போது சொல்லும் வாக்கியத்தைப் பிள்ளை முழுதாகப் பற்றிக்கொண்டு, தன் தாகத்தைத் தெரிவிக்க அதனையே ஆளுகிறது. கேட்ட சொல்லை அப்படியே எதிரொலிப்பது ஆட்டிசம் உடைய பிள்ளைகள் பலரிடம் காணும் இயல்பு. அதற்குப் பொருள் உண்டு. பொருளைத் திறக்கும் சாவி வீட்டில் இருக்கிறது. "பாச்சி", "மம்மு", "தாச்சி" என்று நம் வீட்டில் வழங்கும் மழலைச் சொற்களை எந்த இந்தி அகராதியிலும் காண இயலாது. "காது குத்துது" என்று சொல்லியும் ஒருவரும் அறியாமையால் ஒரு பிள்ளை காது வலியோடு பல நாள் துன்புறுமானால், அவன் மணிக்கட்டைக் கடித்துக்கொள்வதில் வியப்பென்ன?

இதற்கு மாறாகச் சில குடும்பங்களுக்கு வேறோர் அறிவுரை தரப்படுகிறது. "பிள்ளைக்கு ஒரு மொழியே சுமை. வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துங்கள், இந்தி அல்லது ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்று மருத்துவரும் ஆசிரியரும் சொல்வதுண்டு. நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இவ்வறிவுரைக்கு ஆராய்ச்சி ஆதரவு தரவில்லை. 2012-ஆம் ஆண்டில் கனடாவிலிருந்தும், அதன்பின் அமெரிக்கா, சீனா முதலிய நாடுகளிலிருந்தும் வெளிவந்த ஆய்வுகள், இரு மொழிச் சூழலில் வளரும் ஆட்டிசப் பிள்ளைகள், ஒரு மொழிச் சூழலில் வளரும் ஆட்டிசப் பிள்ளைகளைவிட மொழி வளர்ச்சியில் பின்தங்கவில்லை என்றே கண்டுள்ளன.

தமிழை நிறுத்தினால் விளையும் இழப்போ பெரிது. தாய் தனக்குப் பழகாத மொழியில் எண்ணி எண்ணிப் பேசுகிறாள். அவள் பேச்சு குறைகிறது; தாலாட்டு நிற்கிறது; கொஞ்சல் நிற்கிறது. ஊரிலிருந்து வரும் பாட்டி பேரனிடம் பேச வழியில்லாமல் மூலையில் அமர்கிறாள். பெற்றோர் தமக்குள் தமிழில் பேசிச் சிரிக்கும்போது அந்தப் பிள்ளை மட்டும் அதற்கு அயலாகிறது. மனிதரோடு உறவு கொள்ள ஏற்கெனவே இடர்ப்படும் பிள்ளையிடமிருந்து, அதன்மேல் அன்புள்ள மனிதர்களின் மொழியையே பறிப்பது முறையாகுமா? ஆகவே வீட்டில் தமிழே பேசுங்கள். பள்ளியின் மொழியைப் பள்ளி கற்பிக்கும். பேசாத பிள்ளைக்கும் இது பொருந்தும். பேசாதவர் கேளாதவர் அல்லர். படஅட்டைகளில் வீட்டுச் சொல்லையே எழுதலாம். படத்தைத் தொட்டால் குரலாக ஒலிக்கும் 'ஆவாஸ்' போன்ற செயலிகளும் உள்ளன; அது சென்னையிலேயே உருவானது.

பள்ளிக்குத் தமிழ் தெரியாதே என்று தயங்க வேண்டாம். ஒரு தாளில் பிள்ளையின் சொற்களை எழுதி, அருகே அதன் பொருளை இந்தியிலோ ஆங்கிலத்திலோ குறித்துக் கொடுங்கள். எந்த ஒலிக்கு அஞ்சுவான், எந்தப் பாட்டுக்கு அமைதியுறுவான், வலி வந்தால் எதைச் செய்வான், எவரைக் கண்டால் மகிழ்வான் என்பவற்றையும் சேர்த்து எழுதுங்கள். இருபது முப்பது சொற்கள் கொண்ட அந்த ஒரு தாள், பருத்த மருத்துவ அறிக்கைகளினும் எங்களுக்குப் பயன்படுகிறது.

பிள்ளை வளர்ந்து பதின்மூன்று, பதினான்கு வயதை எட்டும்போது பணியின் தன்மை மாறுகிறது. உடலில் நிகழும் மாற்றங்களை முன்னரே படங்களோடு சொல்ல வேண்டும். மாதவிலக்கு வருமுன்பே பெண்பிள்ளைக்கு அணையாடையை அணியப் பழக்கிவிடுதல் நலம். கதவைத் தாழிடுதல், தன் உடல் தனக்குரியது, வேண்டாம் என்று மறுக்கத் தனக்கு உரிமை உண்டு என்பவற்றைத் தெளிவான சொற்களில் கற்பிக்கிறோம். எதற்கும் பணியும்படி மட்டும் பழக்கப்பட்ட பிள்ளை, தீயவர்க்கு எளிதில் இரையாகும். இத்தகைய குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்க 2012-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. 1098 என்னும் எண்ணை எவரும் அழைக்கலாம். நன்றாகப் பேசும் இளைஞர்க்கு வேறொரு துயர் உண்டு. தாம் பிறரினும் வேறுபட்டிருப்பதை அவர்கள் உணர்கிறார்கள். ஏளனத்துக்கு ஆளாகி, நாள் முழுதும் பிறரைப் போல நடித்துக் களைத்து, வீட்டில் வந்து நொறுங்குகிறார்கள். அவர்கள் சொல்வதை அவசரப்படாமல் கேட்க ஒருவர் வேண்டும். மனநலத்துக்கென 2022-இல் தொடங்கிய 14416 என்னும் அரசுத் தொலைபேசிச் சேவை தமிழிலும் பேசுகிறது.

சட்டத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதனை ஏற்றது. 2016-ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம், தான் வகுத்த 21 குறைபாட்டு வகைகளுள் அதனைச் சேர்த்தது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உடையதாகச் சான்று பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை, அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் பயிலும் உரிமையை அச்சட்டம் அளிக்கிறது. அதன்படி பெறும் சான்றிதழ் இந்தியா முழுதும் செல்லும். மதுரையில் பெற்றது புணேயிலும் செல்லும் என்பதை, அடிக்கடி வேலை மாற்றத்தால் ஊர் மாறும் குடும்பங்கள் நினைவில் கொள்ள வேண்டும். மாநில அரசுகள் தரும் உதவித்தொகைகள் மட்டும் அந்தந்த மாநில விதிகளுக்கு உட்பட்டவை. 'நிரமயா' என்னும் மத்தியக் காப்பீட்டுத் திட்டம் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு உதவுகிறது.

பதினெட்டு வயது நிறைந்தவுடன் பெற்றோர் தாமாகவே காப்பாளர் ஆகிவிடுவதில்லை. தாமாக முடிவெடுக்க இயலாதவர்க்குக் காப்பாளரை நியமிக்க 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர்க் குழு உண்டு. எல்லோர்க்கும் அது தேவைப்படுவதில்லை. சிறிது உதவி இருந்தால் தாமே முடிவெடுக்கும் இளைஞர் பலர் உள்ளனர். எவ்வாறாயினும், "எங்களுக்குப் பிறகு யார்?" என்னும் வினாவைப் பதினேழாம் வயதில் தொடங்காமல், பத்தாம் வயதிலேயே எடுத்துக்கொள்ளும்படி நாங்கள் பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம். தன் உணவைத் தானே பரிமாறிக்கொள்ளவும், துணி மடிக்கவும், கடையில் பணம் கொடுத்துப் பொருள் வாங்கவும் கற்ற பிள்ளை, அவ்வினாவின் பாரத்தில் ஒரு பகுதியைத் தானே சுமக்கிறது.

ஊரில் இருந்தால் பெரியம்மாவும் சித்தப்பாவும் அண்டை வீட்டாரும் பிள்ளையைச் சற்றுப் பார்த்துக்கொள்வர். அயல் மாநிலத்தில் அத்தகைய கைகள் குறைவு. பல தாய்மார் ஒரு மணி நேரம் அயர்ந்து உறங்கிய நாளை மறந்துவிட்டனர். உடன்பிறந்த பிள்ளை தன் துயரத்தைச் சொல்லாமலே வளர்கிறது. இங்குதான் நம் தமிழ்ச் சங்கங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அவை நடத்தும் பொங்கல் விழாவிலும் நவராத்திரிக் கொலுவிலும் இக்குடும்பங்களைக் காண்பது அரிது. பிள்ளை கத்தினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று அவர்கள் வருவதில்லை. ஒலிபெருக்கி இல்லாத ஒரு மணி நேரத்தை ஒதுக்குங்கள். மண்டபத்தின் ஓரத்தில் அமைதியான ஓர் அறையைத் திறந்து வையுங்கள். மாதம் ஒரு மாலை, நம்பத்தக்க ஒருவர் அவ்வீட்டுக்குச் சென்று, பெற்றோர் வெளியே சென்றுவர வழி செய்யுங்கள். பிள்ளை வந்து நின்றால் வயதையும் வகுப்பையும் கேட்டுத் துளைக்க வேண்டாம்; அருகே அமர்ந்தால் போதும்.

கோடையில் ஊருக்குப் புறப்படும் குடும்பங்கள், இரண்டு இரவும் ஒரு பகலும் இரயிலில் கழிக்க வேண்டுமே என்று அஞ்சிப் பயணத்தையே கைவிடுவதுண்டு. கைவிட வேண்டாம். இரயில் நிலையம், படுக்கை, சாப்பாடு, சென்னை, தாத்தா வீடு என்று ஐந்தாறு படங்களை ஒட்டிய சிறு புத்தகத்தை ஒரு மாதம் முன்பே பிள்ளைக்குக் காட்டத் தொடங்குங்கள். பாட்டியின் குரலைத் தொலைபேசியில் பதிந்து நாள்தோறும் கேட்கச் செய்யுங்கள். பழகிய போர்வையையும் தட்டையும் உடன் கொண்டு செல்லுங்கள். திரும்பி வந்து பள்ளி திறக்கும் நாளில், ஊரில் என்ன நடந்தது, எந்தப் புதுச் சொல்லைப் பிள்ளை கற்று வந்தது என்று குறிப்பேட்டில் நான்கு வரி எழுதி அனுப்புங்கள். வாயிலில் நிற்கும் நாங்கள் அதனைப் படித்துவிட்டே பிள்ளையை வரவேற்போம்.